ராக் பேண்ட் பாடகர் டு ஹாலிவுட் இசையமைப்பாளர்... யார் இந்த மைக்கேல் கேமன்?

'டை ஹார்ட்' பார்த்திருப்பீங்க. 'லெத்தல் வெப்பன்' பார்த்திருப்பீங்க. பிரையன் ஆடம்ஸ் பாடிய 'எவ்ரிதிங் ஐ டூ' பாட்டை எங்கேயாவது கேட்டிருப்பீங்க. இந்த மூன்றின் இசைக்குப் பின்னாலும் இருந்தவர் ஒரே ஆள்தான்: மைக்கேல் கேமன். சினிமாவுக்கு வருவதற்கு முன்பு அவர் ஒரு ராக் பேண்டின் முன்னணிப் பாடகர்.

கோட்டு சூட்டில் ஒரு ராக் பேண்ட்

1948-ல் நியூயார்க்கில் பிறந்த கேமன், அந்நகரின் புகழ்பெற்ற ஜூலியார்ட் இசைப் பள்ளியில் ஓபோ படித்தார். நம்ம நாதஸ்வரம் மாதிரியே சீவாளி வைத்து ஊதும் மேற்கத்தியக் கருவி அது. படிப்பு செவ்வியல் இசை என்றாலும், மனசு முழுக்க ராக்.

இரண்டையும் விட மனமில்லாமல், 1967-ல் நண்பர்களோடு 'நியூயார்க் ராக் அண்ட் ரோல் என்செம்பிள்' பேண்டைத் தொடங்கினார். கச்சேரிக் கோட்டு போட்டுக்கொண்டு மேடையேறுவார்கள். கிட்டார், டிரம்ஸ் பக்கத்திலேயே ஓபோவும் செல்லோவும் இருக்கும். 1969-ல் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் தன்னுடைய இளையோருக்கான கச்சேரியில் இவர்களை வாசிக்க வைத்தார். பேண்டில் இருந்த இன்னொரு நண்பர்தான், பின்னாளில் மார்க் ஸ்னோ என்ற பெயரில் 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடருக்கு இசையமைத்தார்.

பாராட்டு கிடைத்தது, பெரிய ஹிட் மட்டும் கிடைக்கவே இல்லை. 70-களின் தொடக்கத்தில் பேண்ட் கலைந்தது.

மேடை வழியாக சினிமா

கேமன் நேராக ஹாலிவுட் போகவில்லை. முதலில் பாலே நடனங்களுக்கு இசையமைத்தார். சிற்பி ரோடினின் சிலைகளை வைத்து உருவான பாலே அதில் ஒன்று. 1974-ல் டேவிட் போவியின் இசைப் பயணத்துக்கு இசை இயக்குநரானார். 1976-ல் ஷான் கானரி நடித்த 'தி நெக்ஸ்ட் மேன்' படத்துக்கு இசை. 1979-ல் பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' ஆல்பத்தில் ஆர்கெஸ்ட்ரா வேலை.

80-களில் இந்த அனுபவம் எல்லாம் கைகொடுத்தது. 'லெத்தல் வெப்பன்' படத்தில் மெல் கிப்சன் பாத்திரத்துக்கு எரிக் கிளாப்டனின் கிட்டார், டேனி குளோவர் பாத்திரத்துக்கு டேவிட் சான்பார்னின் சாக்ஸபோன் என்று பிரித்துக் கொடுத்தார். 'டை ஹார்ட்' படத்திலோ வில்லன் கும்பலுக்கு பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி! ஆக்‌ஷன் படம்தானே என்று அவர் சும்மா விட்டுவிடவில்லை.

16 வாரம் நம்பர் 1

1991-ல் 'ராபின் ஹூட்: பிரின்ஸ் ஆஃப் தீவ்ஸ்' படத்துக்கு அவர் போட்ட காதல் மெட்டில் பிரையன் ஆடம்ஸும் மட் லாங்கும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'எவ்ரிதிங் ஐ டூ'. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதுதான் இந்தப் பாட்டே வரும். ஆனாலும் பிரிட்டனில் தொடர்ந்து 16 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. பேண்டுக்குக் கிடைக்காத ஹிட், அது கலைந்து பல வருஷம் கழித்துக் கிடைத்தது.

பள்ளிகளுக்குப் போன கருவிகள்

1995-ல் வந்த 'மிஸ்டர் ஹாலண்ட்ஸ் ஓபஸ்', ஒரு பள்ளி இசை ஆசிரியரின் கதை. கடைசியில் நிதி இல்லை என்று இசை வகுப்பையே பள்ளி மூடிவிடும். படத்துக்கு இசையமைத்த கேமனால் இதை வெறும் கதையாக விட்டுவிட முடியவில்லை. அவரும் நியூயார்க்கின் அரசு இசைப் பள்ளியில் படித்து மேலே வந்தவர்தான். அடுத்த ஆண்டே, வசதியில்லாத பள்ளிகளுக்கு இசைக் கருவிகள் கொடுக்க அந்தப் படத்தின் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

வெளியே தெரியாத நோய்

90-களின் பிற்பாதியில் அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருப்பது தெரியவந்தது. மூளைக்கும் உடம்புக்கும் இடையிலான நரம்புத் தொடர்பைப் பாதிக்கும் நோய் இது. கேமன் வெளியே சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தார். 1999-ல் மெட்டாலிகா பேண்டையும் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியையும் ஒரே மேடையில் சேர்த்து நடத்தினார். இருபது வயதில் நாலு நண்பர்களோடு செய்துபார்த்ததை, இப்போது ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை வைத்துச் செய்தார். அதற்குப் பிறகு 'எக்ஸ்-மென்', 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' வந்தன.

2003 செப்டம்பரில்தான் நோயைப் பற்றி வெளியே சொன்னார். அடுத்த இரண்டே மாதத்தில், நவம்பர் 18 அன்று, லண்டனில் மாரடைப்பால் காலமானார். வயது 55. அவர் தொடங்கிய அறக்கட்டளை அவருக்குப் பிறகும் பள்ளிகளுக்குக் கருவிகளைக் கொடுத்து வந்தது.