அவுரிக் கட்டாயத்தை ஒழித்த சம்பாரண் விவசாயி

அவுரியை நீங்கள் அறிவீர்கள். பயறு வகைக் குடும்பச் செடி. மடக்கி உழுதால் நல்ல பசுந்தாள் உரம். இந்தச் செடியைத்தான் பீகாரின் சம்பாரண் மாவட்ட விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வெறுத்தார்கள். குற்றம் செடியில் இல்லை, அதைப் பயிரிட வைத்த கட்டாயத்தில் இருந்தது. அந்தக் கட்டாயம் சட்டப்படி ஒழிய முதல் அடி எடுத்து வைத்தவர்களில் முக்கியமானவர் ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி.

சுக்லா பிறந்தது 1875-ல். அவர் பகுதியில் 20 கட்டா சேர்ந்தால் ஒரு பிகா நிலம். ஒவ்வொரு பிகாவிலும் 3 கட்டாவில், அதாவது நூற்றுக்கு 15 பங்கில், ஐரோப்பியத் தோட்ட முதலாளிகளுக்காக அவுரி விதைத்தே ஆக வேண்டும். இந்த முறைக்குத் தீன்கதியா என்று பெயர். விலையும் முதலாளி வைத்ததே. 1897-ல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. இயற்கைச் சாயத்தின் விலை சரிந்தது. முதலாளிகள் அந்த நட்டத்தை விவசாயி தலையில் கட்டினார்கள். அவுரியிலிருந்து விடுபட வேண்டுமானால் மொத்தத் தொகை கட்டு, இல்லையேல் கூடுதல் குத்தகை கொடு என்றார்கள்.

சுக்லாவும் இதில் நொந்தவரே. ஆனால் தன் வயலோடு நின்றுவிடவில்லை. 1916 டிசம்பரில் லக்னோவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குப் போய் காந்தியைச் சந்தித்தார். நேரில் பார்க்காமல் எதுவும் சொல்வதற்கில்லை என்றார் காந்தி. சுக்லா விடவில்லை. கான்பூருக்குப் போனார், பிறகு கல்கத்தாவில் காத்திருந்து, 1917 ஏப்ரலில் காந்தியை பாட்னாவுக்கு அழைத்து வந்தார்.

மாவட்டத்தை விட்டு வெளியேறும்படி வந்த உத்தரவை காந்தி மீறினார். வழக்குப் போட்ட அரசு அதைத் திரும்பப் பெற்றது. அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். வழக்கறிஞர்கள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான விவசாயிகளின் வாக்குமூலங்களை எழுதினார்கள். ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்தார்கள். விசாரணையில் நிற்காத வாக்குமூலத்தை ஒதுக்கினார்கள். அதனால் அந்தக் கட்டுகளை யாராலும் வெறும் புலம்பல் என்று தள்ள முடியவில்லை.

அரசு விசாரணைக் குழு அமைத்தது. தோட்ட முதலாளிகளின் பிரதிநிதியோடு காந்தியும் அதில் உறுப்பினர். குழுவின் பரிந்துரைப்படி 1918-ல் சம்பாரண் வேளாண்மைச் சட்டம் வந்தது, தீன்கதியா ஒழிந்தது. வசூலித்த மொத்தத் தொகையில் நூற்றுக்கு 25 பங்கு திரும்பியது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனாலும் தன் வயலில் என்ன விதைப்பது என்ற முடிவு விவசாயியின் கைக்கு வந்தது. சுக்லா 1929-ல் காலமானார்.

சுக்லாவிடம் பதவி எதுவும் இல்லை. உங்கள் ஊரில் ஒரு விதியோ உத்தரவோ விவசாயத்தை நசுக்கினால், நீங்களும் இந்த வரிசையில் இறங்கலாம். பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடி எழுதுங்கள். சர்வே எண், பரப்பு, தேதி, தொகை நான்கும் மனுவில் இருக்கட்டும். மிகைப்படுத்திய ஒரு வரி மற்ற உண்மைகளையும் கெடுத்துவிடும். கிராம சபையில் தீர்மானமாக்குங்கள்; குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வரைவு விதிகளுக்கு ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வந்தால் கெடு முடிவதற்குள் அனுப்புங்கள். சட்டமன்ற உறுப்பினரை அழைத்து வந்து வயலைக் காட்டுங்கள். முதல் முறை வராவிட்டால், சுக்லாவைப் போல் மறுபடியும் போய் நில்லுங்கள்.