அன்னா சாண்டி வாதாடின கேஸ்

ஆடி அமாவாசைக்கு வாவுபலி பொருட்காட்சி பாக்க வந்திருந்தீங்கன்னா குழித்துறை உங்களுக்குத் தெரிஞ்ச ஊர்தான். தாமிரபரணி ஓடுது, விளவங்கோடு தாலுகாவுக்குத் தலைமையிடம், கோர்ட் இருக்கு. ஆனா 1956 நவம்பர் 1-க்கு முன்னாடி இந்த ஊர் தமிழ்நாட்டுல இல்ல. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் அன்னைக்குத்தான் அன்றைய சென்னை மாநிலத்தோட சேர்ந்துச்சு. அதுவரைக்கும் நமக்குத் தலைநகர் நாற்பது கிலோமீட்டர் பக்கத்துல இருக்கிற திருவனந்தபுரம். நம்ம தாத்தா பாட்டி பலபேர் திருவிதாங்கூர் பிரஜையாத்தான் பிறந்தாங்க.

அதனால இப்ப நான் சொல்லப்போற கதையை பக்கத்து ஸ்டேட் கதைன்னு தள்ளி வச்சுடாதீங்க. இது நம்ம பழைய சமஸ்தானத்துக் கதை. கதைக்குச் சொந்தக்காரர் அன்னா சாண்டி. இந்தியாவோட முதல் பெண் நீதிபதின்னு ஜி.கே. புக்ல ஒரு வரி படிச்சிருப்பீங்க. அந்த ஒரு வரிக்குப் பின்னாடி ஒரு பெரிய சண்டை இருக்கு. கல்யாணம் ஆன பொண்ணு வேலைக்குப் போனா வீட்டை யார் பாக்கிறதுங்கிற சண்டை. நம்ம பேட்ச்ல ஆஃபர் லெட்டர் வாங்கின பொண்ணுங்க கிட்ட சொந்தக்காரங்க இன்னைக்கும் கேட்கிற அதே கேள்விதான்.

அன்னா 1905 மே 4-ம் தேதி பிறந்தார். சிரியன் கிறிஸ்தவக் குடும்பம், வளர்ந்தது திருவனந்தபுரத்தில். 1920-களில் சட்டப் பட்டம் பெற்றார். இன்னைக்கு நாம கேரளம்னு சொல்ற பகுதியில் சட்டப் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர்தான். அப்போ அவருக்கு இருபதுகளின் தொடக்க வயசு. அதாவது கிட்டத்தட்ட நம்ம ஃபைனல் இயர் வயசு. நமக்கு இந்த வயசுல ப்ராஜெக்ட் வைவாவே பெரிய டென்ஷன். அவருக்கோ, முன்னாடி ஒரு பொண்ணும் நடக்காத ரோடு.

கணவர் பி.சி. சாண்டி போலீஸ் அதிகாரி. அன்னா எடுத்துக்கிட்டது கிரிமினல் வழக்குகள். 1929 முதல் வக்கீலாகத் தொழில் செய்தார். பொண்ணுன்னா டீச்சர் ஆகலாம், நர்ஸ் ஆகலாம், அதிகபட்சம் டாக்டர் ஆகலாம்னு இருந்த காலத்துல, கொலை கேஸும் திருட்டு கேஸும் நடக்கிற கோர்ட்டுக்குள்ள ஒரு கல்யாணம் ஆன பெண் கறுப்பு கவுன் போட்டுக்கிட்டுப் போறாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

இப்ப அந்தச் சண்டைக்கு வருவோம். 1920-களின் கடைசியில் திருவிதாங்கூர்ல பெண்களுக்கு அரசு வேலை கொடுக்கணுமா வேண்டாமாங்கிற விவாதம் சூடா நடந்தது. இந்த சமஸ்தானத்துல பெண்கள் மத்த இடங்களை விட அதிகமாப் படிச்சிருந்தாங்க. படிச்சவங்க வேலை கேட்க ஆரம்பிச்சதும் ஆண்கள் பக்கம் பயம் வந்துச்சு. திருவனந்தபுரத்துல நடந்த ஒரு கூட்டத்துல டி.கே. வேலுப்பிள்ளை பெண்கள் வேலைக்குப் போறதை எதிர்த்துப் பேசினார். சாதாரண ஆள் இல்ல அவர். பெரிய வக்கீல், பிறகு 1940-ல் வந்த திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவலை எழுதினவர். பெண்ணோட இடம் வீடு, அவ வெளியே போய் சம்பாதிச்சா குடும்ப நிம்மதி கெட்டுப்போகும், இதுதான் அவரோட வாதத்தின் சாரம்.

அன்னா சாண்டி அதே கூட்டத்துல பதில் சொன்னார். எப்படின்னு கேளுங்க. கோபப்பட்டுக் கத்தல, கண்ணீர் விடல. கோர்ட்டுல எதிர்க்கட்சி வக்கீல் தாக்கல் பண்ணின மனுவுக்குப் பதில் சொல்ற மாதிரியே வேலுப்பிள்ளையோட பேச்சை எடுத்துக்கிட்டார். மனுதாரர் கேட்கிற நிவாரணம் என்ன, அதுக்கு அவர் காட்டுற காரணம் என்ன, அது நிக்குமான்னு ஒவ்வொண்ணா எடுத்து உடைச்சார். பெண்கள் ஆண்களோட வீட்டு சுகத்துக்காகப் படைக்கப்பட்டவங்க, அடுக்களையை விட்டு வெளியே வந்தா குடும்பம் கெட்டுடும், அதனால அவங்க வேலை தேடுறதையே தடுக்கணும்: இந்த மனுவோட சுருக்கம் இதுதான்னு அவர் கேலியா எடுத்து வச்சப்பவே பாதி கேஸ் முடிஞ்சுபோச்சு. ஏன்னா அலங்காரப் பேச்சை எல்லாம் உரிச்சுப் போட்டா அந்த வாதத்துல மிச்சம் இருக்கிறது அவ்வளவுதான். அதோட நிக்காம, அரசு வேலையில பெண்களுக்கு இட ஒதுக்கீடு வேணும்னும் கேட்டார். 1920-கள்லயே!

கொஞ்சம் நின்னு யோசிங்க. வேலுப்பிள்ளையோட வாதத்துல ரெண்டு பகுதி இருக்கு. ஒண்ணு, வீட்டு வேலை மனைவியோட வேலை. ரெண்டு, அதனால அவ வெளியே வேலைக்குப் போகக் கூடாது. இந்த ரெண்டு பகுதியையும் மனசுல வச்சுக்கோங்க. கடைசியில திரும்ப வருவோம்.

அடுத்து அன்னா ஸ்ரீமதின்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சு, தானே ஆசிரியரா இருந்தார். அதுல கதை வரும், உடல்நலம் பற்றி வரும், வீட்டு நிர்வாகம் பற்றியும் வரும். கூடவே விதவை மறுமணம், பெண் விடுதலை, வயல்ல வேலை செய்யற பெண்களுக்குக் கூலி குறைவாத் தர்ற அநியாயம் எல்லாம் வரும். எனக்கு இது முக்கியமாப் படுது. வீட்டு வேலையை அவர் கேவலமா நினைக்கல. அதைச் சொல்லி ஒருத்தரைக் கட்டிப் போடறதைத்தான் எதிர்த்தார். படிச்ச பொண்ணோட அரசு உத்தியோகத்தை மட்டும் பாக்காம, வயல்ல நாத்து நடுற பொண்ணோட கூலியையும் பாத்தார்.

1931-ல் ஸ்ரீமூலம் மக்கள் சபைக்குத் தேர்தல்ல நின்னார். அப்ப நடந்ததைக் கேட்டா இன்னைக்கு சோஷியல் மீடியாவுல நடக்கிறதுதான் ஞாபகம் வரும். போட்டியாளர்களும் சில பத்திரிகைகளும் சேர்ந்து எதிர்த்தாங்க. அவரோட நடத்தையைப் பற்றி அசிங்கமா போஸ்டர் ஒட்டினாங்க. தோத்துப் போனார். ஆனா வாயை மூடிக்கிட்டு வீட்ல உக்காரல. தன் பத்திரிகையிலயே பதில் எழுதினார். மறுபடி நின்னு, 1932-ல் ஜெயிச்சு, 1934 வரைக்கும் உறுப்பினரா இருந்தார்.

1935 வாக்கில் அவர் பேசின ரெண்டு விஷயம் அவரோட சொந்தப் பக்கத்து ஆட்களையே திடுக்கிட வச்சது. திருவிதாங்கூர் சட்டப்படி பெண்களுக்குத் தூக்குத் தண்டனை கிடையாது. அந்தச் சலுகை வேண்டாம்னார் அன்னா. சமம்னா நல்லது கெட்டது ரெண்டுலயும் சமம். பஃபேல பிடிச்சதை மட்டும் எடுக்கிற மாதிரி எடுக்க முடியாதுங்கிறது அவர் நிலைப்பாடு. இன்னொண்ணு, மனைவியோட உடம்பு மேல மனைவிக்கு என்ன உரிமை இருக்குங்கிற கேள்வி. கல்யாணச் சட்டத்துல கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே உரிமை இல்லைன்னு வெளிப்படையாச் சொன்னார். கருத்தடை பற்றியும் தாய் சேய் நலம் பற்றியும் சொல்லித் தர அரசு மருத்துவ நிலையங்கள் வேணும்னு கேட்டார். எதிர்த்தவங்கள்ல பெண்களும் இருந்தாங்க. அடுக்களையில யார் நிக்கிறதுன்னு கேட்டப்ப கைதட்டினவங்க கூட, எத்தனை பிள்ளை பெத்துக்கிறதுன்னு முடிவு பண்றது யாருன்னு கேட்டப்ப பின்வாங்கிட்டாங்க. ஆனா ரெண்டும் ஒரே கேள்விதானே? வருஷா வருஷம் பிரசவம்னா எந்த ஆபீஸுக்குப் போறது?

1937-ல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அன்னா சாண்டியை முன்சீப்பாக நியமிச்சார். நிலத் தகராறு, கடன், பாகப்பிரிவினை மாதிரி சிவில் வழக்குகளை முதல்ல கேட்கிறது முன்சீப் கோர்ட்டுதான். யோசிச்சுப் பாருங்க, வீட்டுச் சண்டை பாதி அங்கதான் வந்து நிக்கும். அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்ற நாற்காலியில, வீட்டை விட்டு வெளியே வரக் கூடாதுன்னு சொல்லப்பட்ட ஒரு பெண். 1948-ல் மாவட்ட நீதிபதி. 1959 பிப்ரவரி 9-ம் தேதி கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. இந்தியாவுல ஒரு ஹைகோர்ட்டுக்கு முதல் பெண் நீதிபதி அவர்தான். நமக்கு சட்டம் சொல்லிக் கொடுத்ததா பெருமைப்படற இங்கிலாந்துல ஹைகோர்ட்டுக்கு ஒரு பெண் நீதிபதி வந்தது 1965-ல். எலிசபெத் லேன் அவர் பேர். ஆறு வருஷம் லேட்!

1967 ஏப்ரல் 5 வரைக்கும் அந்தப் பதவியில இருந்தார். ஓய்வுக்கு அப்புறம் இந்திய சட்ட ஆணையத்துல வேலை பார்த்தார். 1973-ல் தன் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்துல வெளியிட்டார். 1996-ல், 91 வயசுல காலமானார்.

அவர் போட்ட ரோட்டுல யார் நடந்தாங்கன்னும் தெரிஞ்சுக்கோங்க. பத்தனம்திட்டையில ஒரு அப்பா, அன்னா சாண்டி உயர்ந்ததைப் பாத்துட்டு, தன் பொண்ணை சட்டம் படிக்கச் சொன்னார். அந்தப் பொண்ணு பாத்திமா பீவி. 1989-ல் இந்தியாவோட முதல் பெண் சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஆனாங்க. 1997 முதல் 2001 வரைக்கும் நம்ம தமிழ்நாட்டுக்கு கவர்னராவும் இருந்தாங்க.

ஆனா ரோடு அவ்வளவு நேரா இல்ல. சுதந்திர இந்தியாவுலயே, வெளியுறவுப் பணியில இருக்கிற பெண் கல்யாணம் பண்ணிக்க அரசோட அனுமதியை எழுத்தில வாங்கணும்னு விதி இருந்தது. குடும்பப் பொறுப்பால வேலை கெடுதுன்னு அரசு நினைச்சா ராஜினாமா பண்ணச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு அப்படி எதுவும் கிடையாது. முதல் பெண் வெளியுறவு அதிகாரி சி.பி. முத்தம்மா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 1979-ல்தான் அந்த விதி ஒழிஞ்சது. வேலுப்பிள்ளை அந்தக் கூட்டத்துல பேசினது, ஐம்பது வருஷம் கழிச்சும் கவர்ன்மென்ட் ரூல் புக்ல உயிரோட இருந்திருக்கு.

சரி, இப்ப அந்த ரெண்டு பகுதிக்கு வருவோம். அதனால அவ வேலைக்குப் போகக் கூடாதுங்கிற ரெண்டாவது பகுதி தோத்துப் போச்சு. அன்னா சாண்டி அதை ஜெயிச்சுக் காட்டிட்டார். இன்னைக்கு பொண்ணு வேலைக்குப் போகக் கூடாதுன்னு மேடையில பேச யாருக்கும் தைரியம் இல்ல. கல்யாண மார்க்கெட்ல வேலைக்குப் போற பொண்ணுதான் வேணும்னே கேட்கிறாங்க. ஆனா முதல் பகுதி, வீட்டு வேலை மனைவியோட வேலைங்கிறது, அப்படியே நிக்குது. 2019-ல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்க. ஒரு நாள்ல சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். செய்தவங்கள்ல பெண்கள் சராசரியா 299 நிமிஷம் செலவழிச்சாங்க, ஆண்கள் 97 நிமிஷம். அஞ்சு மணி நேரம் எங்க, ஒன்றரை மணி நேரம் எங்க?

அன்னா சாண்டி காலத்துல வசதியான வீடுகள்ல சமையலுக்கும் துணி அலக்கவும் ஆள் இருந்தாங்க. பெரும்பாலும் ஏழைப் பெண்கள். ஒரு பெண் வெளியே போக, இன்னொரு பெண் உள்ள வரணும். இன்னைக்கு அந்த இடத்துல பாதி மிக்ஸியும் வாஷிங் மெஷினும், மீதி பாதி அம்மாவோ மாமியாரோ வேலைக்கார அக்காவோ. கணவன் அந்த லிஸ்ட்ல எப்பவாவதுதான் வர்றான்.

ஈஈஈ பசங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ரெண்டு ஜெனரேட்டரை பேரலல்ல போட்டா லோடு தானா சமமாப் பிரியாது. கவர்னர் செட்டிங்கை சரி பண்ணணும். பண்ணலைன்னா ஒண்ணு மேலயே லோடு ஏறி அது ட்ரிப் ஆகும். வீடும் அப்படித்தான். ரெண்டு பேரும் சம்பாதிக்கிறதாலயே வேலை பிரிஞ்சுடாது. உக்காந்து பேசித்தான் பிரிக்கணும். முற்றம் தூக்கிறது, மரச்சீனிக் கிழங்கு அவிக்கிறது, மீன் வெட்டுறது மட்டும் வேலை இல்ல. கேஸ் தீரப் போகுதுன்னு ஞாபகம் வச்சுக்கிறதும் வேலைதான். அதையும் பிரிக்கணும்.

மக்கா, பசங்களா, உங்களுக்கு ஒரு விஷயம். வேலை கிடைச்சு சென்னையிலயும் பெங்களூருலயும் ரூம் எடுத்துத் தங்குவீங்க. அங்க சோறு பொங்குவீங்க, பாத்திரம் கழுவுவீங்க, டர்ன் போட்டு பாத்ரூமும் கழுவுவீங்க. கல்யாணம் ஆன மறுநாள் அது எல்லாம் மறந்துபோகும்னா, மறந்தது கை இல்ல. பொண்ணு பாக்கப் போறப்ப சமைக்கத் தெரியுமான்னு அவ கிட்ட கேட்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்னென்ன சமைக்கத் தெரியும்னு சொல்லுங்க.

பொண்ணுங்களா, உங்களுக்கும் ஒண்ணு. வேலைக்கு அனுப்புவீங்களான்னு மாப்பிள்ளை வீட்ல கேட்காதீங்க. அந்தக் கேஸை அன்னா சாண்டி நமக்காக அப்பவே ஜெயிச்சு முடிச்சுட்டாங்க. சாயங்காலம் ரெண்டு பேரும் ஆபீஸ்ல இருந்து வந்ததும் அடுப்பைப் பத்த வைக்கிறது யாருன்னு கேளுங்க. அது இன்னும் தீர்ப்பு வராத கேஸ்.