சாக்கடை நீரைத் தோட்டத்துக்குத் திருப்பச் சொன்ன மேதை

தஞ்சைக் கோட்டைக்குள் நெருக்கமான குடியிருப்பு ஒன்றைச் சுகாதாரமாக்க, வீடுகளை இடித்து நேர்நேராகத் தெருக்கள் போட ஒரு காலத்தில் திட்டமிட்டார்கள். வெளிச்சம் வரும், சரி, குடியிருந்தவர்கள் எங்கே போவார்கள்? இதை யோசித்தவர் ஸர் பாட்ரிக் கெட்டெஸ்.

1854-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த அவர் தாவர சாஸ்திரப் பேராசிரியர். எடின்பரோவில் பாழடைந்த குடியிருப்பு ஒன்றில் மனைவியுடன் குடியேறி, அதைச் சீர்திருத்திக் காட்டினார். 1914-ல் சென்னை கவர்னர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பில் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் படங்களை ஏற்றி வந்த கப்பலை 'எம்டன்' மூழ்கடித்துவிட்டது. மனிதர் கலங்கவில்லை. நண்பர்கள் சேகரித்தனுப்பிய படங்களைக் கொண்டு 1915-ல் சென்னையில் கண்காட்சியை நடத்தியே விட்டார்!

பிறகு ராஜதானியின் பல ஊர்களைச் சுற்றிப் பார்த்தார். தஞ்சைக்கு அவர் சொன்ன வைத்தியம், தேர்ந்த ரண சிகிச்சை போன்றது. பாழான சில வீடுகளை மட்டும் அகற்றுவது. சந்துகளைச் சற்றே அகலப்படுத்துவது. கிடைத்த இடத்தில் மரம் வைப்பது. கொசுவுக்கு அஞ்சி ஊர்க் குளங்களைத் தூர்க்கவும் அவர் சம்மதிக்கவில்லை. மீன் வளர்த்தால் போதும் என்றார்.

இந்தூரில் பெருஞ்செலவில் பாதாளச் சாக்கடை போட யோசனை எழுந்தது. கழிவுநீரை அங்கங்கே தோட்டங்களுக்குப் பாய்ச்சினால் செலவு குறையும், பயிரும் விளையும் என்று 1918-ல் அறிக்கை தந்தார்.

பம்பாய் சர்வகலாசாலையில் சில ஆண்டுகள் போதித்த கெட்டெஸ், 1932-ல் பிரான்ஸில் காலமானார். பழைய சாக்கடையைப் பெயர்த்துப் புதிது போடப் புறப்படும் நகரசபைகளுக்கு அவர் வாழ்க்கை சொல்லும் பாடம் ஒன்றுதான்: வரைபடத்தை விரிப்பதற்கு முன் தெருவில் நடந்து பாருங்கள், அங்கே வாழ்கிறவர்களைக் கேளுங்கள்.