தேவசகாயம்: பெயரில் நீங்கிய சாதி, கல்லறையில் நீங்காத சுவர்

நட்டாலத்தில் 1712-இல் ஆதிக்கச் சாதிக் குடும்பத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசின் அலுவலர். டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறித்தவத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயமானார். ஒடுக்கப்பட்டோருடன் சமமாக உண்டு பழகினார். சாதி ஒழுங்கு அதைப் பொறுக்கவில்லை. எருமைமேல் ஏற்றி இழிவுபடுத்தப்பட்டு, சித்திரவதைகளிடையிலும் செபத்தைக் கைவிடாத அவர், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2022-இல் திருஅவை அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரிலிருந்து ‘பிள்ளை’ நீக்கப்பட்டிருந்தது. ஆயினும் அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரின் ஆலயத்துக்குள்ளேயே பின்னாளில் சாதிச் சுவர் எழுந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. இன்றும் சில கல்லறைத் தோட்டங்கள் இறந்தோரைப் பிரிக்கின்றன. மனிதர் ஒவ்வொருவரும் இறைச்சாயல் என்று செபிக்கும் நாம், அச்சுவர்களையும் இடிக்கும் நாளிலேயே அவருக்குரிய வணக்கம் நிறைவுறும் எனக் கருதுகிறோம்.