இரு மொழிக்கும் உழைத்த பெரியார்

தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் திருத்தணியில் வாழும் நாம், இவ்விரு மொழிகளிலும் வேதாகமத்திற்காக உழைத்த ஜெர்மானியர் பெஞ்சமின் சூல்ட்சே ஐயரை நன்றியுடன் நினைவுகூர்கின்றோம். லுத்தரன் சபையினராயினும் அவர் உழைப்பு நம் அனைவர்க்கும் உரியதே.

1719-ஆம் ஆண்டு தரங்கம்பாடி வந்த அவர், காலஞ்சென்ற சீகன்பால்கு ஐயர் ரூத் ஆகமத்தோடு விட்டுச்சென்ற தமிழ்ப் பழைய ஏற்பாட்டை முடித்தார். 1728-க்குள் அது அச்சேறியது.

1726-இல் சென்னை சென்றார். அங்கே தெலுங்கு பேசுவோர் பலர் இருக்கக் கண்டு, அம்மொழியையும் கற்று, 1732-க்குள் வேதாகமம் முழுவதையும் பெயர்த்தார். அந்தோ, அது அச்சேறவே இல்லை! 1743-இல் தாயகம் திரும்பிய அவர், 1760-இல் ஹாலே நகரில் மறைந்தார். தெலுங்கு மொழிபெயர்ப்போ கையெழுத்துப் படியாகவே நின்றுவிட்டது.

எனினும் அப்பணி வீண் என்று நாம் எண்ணோம். அண்டை வீட்டாரின் மொழியைக் கற்க நாமும் சோம்பாதிருப்போமாக.