காது சொன்ன பெயர்

கடந்த ஆண்டு இறுதி விடுமுறையில், தெலுக் பங்லிமா காராங்கில் உள்ள எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு துப்பறியும் சிறுகதை எழுதினேன். கல்லூரி மாணவர்களுக்கான போட்டிக்கு அனுப்ப வேண்டிய கதை. அதில் வரும் வில்லன் ஒரு பெண்ணைக் கொன்று, உடலை அறுத்து மறைக்கிறான். படிப்பவர் நடுங்க வேண்டும் என்பதற்காக எலும்பு, தசை, இரத்தம் என்று தேடித் தேடி நான்கு பக்கம் எழுதியிருந்தேன்.

எழுதியது சரிதானா என்று பார்க்க அத்தையிடம் கொடுத்தேன். அவர் கிள்ளானில் பல ஆண்டுகள் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். பொறுமையாகப் படித்து முடித்தார். எலும்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செத்துப்போன அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அவளுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கேள்வி மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தபோதுதான் சர் ஆர்தர் கோனன் டாயிலின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் முறையாகப் படித்துத் தேர்ந்த மருத்துவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

டாயில் 1859 மே 22-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை மதுவுக்கு அடிமையானவர். குடும்பத்தைத் தாங்கியவர் தாயார். 1876-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்.

உடற்கூறு படிப்பில் அந்த நகரத்துக்குப் பெரும் புகழும் இருந்தது, தீராத பழியும் இருந்தது. 1828-இல் பர்க், ஹேர் என்ற இருவர் அங்கே 16 பேரைக் கொன்று, உடல்களை டாக்டர் ராபர்ட் நாக்ஸ் நடத்திய உடற்கூறு வகுப்புக்கு விற்றார்கள். கடைசியாகக் கொல்லப்பட்டவர் மார்கரெட் டோகர்ட்டி என்ற ஏழைப் பெண். அவர் உடலில் இருந்த காயங்கள் உயிரோடு இருந்தபோது ஏற்பட்டவையா, இறந்த பின் ஏற்பட்டவையா என்ற கேள்வி வழக்கில் எழுந்தது. விடை காண, பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் இறந்த உடல்களை அடித்துச் சோதனை செய்து பார்த்தார். கேட்கவே கூசும் வேலைதான். ஆனால், ஓர் ஏழைப் பெண்ணுக்கு நேர்ந்தது என்ன என்பதை அறியத்தான் அவர் அதைச் செய்தார். குற்றவாளியான பர்க் 1829 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டான். அவனுடைய எலும்புக்கூடு இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தின் உடற்கூறு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டாயில் எழுதி 1887-இல் வெளிவந்த முதல் ஹோம்ஸ் நாவலில், ஹோம்ஸும் பிணங்களைக் கம்பால் அடித்துப் பார்ப்பவனாகவே நமக்கு அறிமுகமாகிறான். இறந்த பின் எவ்வளவு நேரம் வரை கன்றிப்போகும் என்று அறிவது அவன் நோக்கம். அந்தக் காட்சியை நான் பள்ளியில் படித்தபோது வெறும் கற்பனை என்றுதான் நினைத்தேன்.

டாயில் அறிந்ததெல்லாம் கேள்வி அறிவும் அல்ல. மாணவராக இருக்கும்போதே ஜெல்சீமியம் என்ற நச்சு மருந்தைத் தம் உடலிலேயே சோதித்தார். நாளுக்கு நாள் அளவைக் கூட்டி, விளைவுகளைக் குறித்து வைத்தார். 1879-இல் அது பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. நாம் யாரும் பின்பற்றக் கூடாத துணிச்சல் அது!

அவருடைய ஆசிரியர் டாக்டர் ஜோசப் பெல், நோயாளி வாய் திறப்பதற்கு முன்பே கையையும் நடையையும் பார்த்து அவர் தொழிலைச் சொல்லிவிடுவார். பெல்லுக்கு உடல் என்பது ஒரு மனிதரின் வரலாறு. ஹோம்ஸ் பிறந்தது அந்தப் பார்வையிலிருந்துதான்.

1893-இல் வெளிவந்த டாயிலின் ஒரு கதை என்னைத் திகைக்க வைத்தது. குரோய்டனில் வாழும் சூசன் என்ற பெண்மணிக்கு அஞ்சலில் ஓர் அட்டைப்பெட்டி வருகிறது. உள்ளே உப்பில் புதைத்த இரண்டு மனிதக் காதுகள். மருத்துவ மாணவர்களின் குறும்பு என்று காவலர்கள் எண்ணுகிறார்கள். ஹோம்ஸ் மறுக்கிறான். மருத்துவ மாணவன் என்றால் கெடாமல் காக்கும் திரவத்தைப் பயன்படுத்தியிருப்பான். காதும் இப்படி மொட்டைக் கத்தியால் அறுபட்டிருக்காது. பிறகு அவன் கண் சூசனின் காதில் பதிகிறது. பெட்டியில் இருந்த ஒரு காதும் அதே வடிவம். ஆக, இறந்தவள் சூசனுடன் பிறந்தவள்!

அறுபட்ட காது அங்கே அச்சமூட்ட வரவில்லை. முகம் தெரியாத ஒருத்தி யார் என்று சொல்ல வந்திருக்கிறது. அப்படியிருந்தும் அந்தக் கதையை டாயில் அடுத்து வந்த தொகுப்பில் சேர்க்காமல் விட்டார். பல ஆண்டுகள் கழித்தே வேறொரு தொகுப்பில் சேர்த்தார்.

இந்தப் பார்வை கதைக்கு வெளியிலும் ஒருவரைக் காப்பாற்றியது. ஜார்ஜ் எடல்ஜி என்ற இளம் வழக்கறிஞரின் தந்தை பம்பாயிலிருந்து இங்கிலாந்து சென்று பாதிரியாரானவர். இரவில் ஒரு மட்டக்குதிரையின் வயிற்றைக் கிழித்தான் என்று 1903-இல் ஜார்ஜுக்கு 7 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 3 ஆண்டுகளில் விடுதலை கிடைத்தாலும் பழி நீங்கவில்லை. டாயில் அவரைச் சந்திக்கச் சென்றபோது, எடல்ஜி நாளிதழை முகத்தோடு ஒட்டினாற்போல் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கண் மருத்துவமும் பயின்ற டாயிலுக்கு அது போதும். இவ்வளவு கிட்டப்பார்வை உள்ளவர் இருட்டில் வயல்களைக் கடந்து போய் இதைச் செய்திருக்க முடியாது. 1907 ஜனவரியில் நாளிதழில் விரிவாக எழுதினார். அதே ஆண்டு எடல்ஜி அந்தக் குற்றத்திலிருந்து மன்னித்து விடுவிக்கப்பட்டு, மீண்டும் வழக்கறிஞரானார். இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமையவும் இந்த வழக்கு ஒரு காரணமாயிற்று.

டாயில் 1930 ஜூலை 7-ஆம் நாள் காலமானார்.

அவரைப் படித்து முடித்த பிறகு என் கதையை மறுபடி எடுத்தேன். கொலையுண்ட பெண்ணுக்குச் செல்வி என்று பெயர் வைத்தேன். பந்திங்கில் தையற்கடை வைத்திருப்பவள், மாலையில் தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள் என்று எழுதினேன். நான்கு பக்க அறுவை ஆறு வரியாகச் சுருங்கியது.

அத்தை மீண்டும் படித்தார். தையல்காரிக்கு விரல் நுனி ஊசி குத்திக் குத்திக் காய்த்திருக்குமே, அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

ஏழாவது வரியாக அதைச் சேர்த்தேன். என் கதையில் செல்வியை அடையாளம் காட்டுவது அந்த விரல்தான்.