ஹெலன் கெல்லர் அம்மையார் வினவக் கற்ற வரலாறு

வினா அறுவகைப்படும் என்று நன்னூலிற் கற்றோம். தமிழில் வினவுதல் எளிது. சொல்லின் ஈற்றில் ஓர் ஆகாரத்தைச் சேர்த்தாலும் வினாவாகிவிடும். ஆங்கிலமோ அத்தகையதன்று. துணைவினையைப் பெயர்த்து எழுவாய்க்கு முன்னே நிறுத்தல் வேண்டும். துணைவினை இல்லாவிடத்து ‘டூ’ என்னும் சொல்லைப் புதிதாகக் கொணர்தல் வேண்டும். ஐயம் எழுந்தும், இவ்வடுக்கிற் பிழை நேருமோ என்றஞ்சி வகுப்பில் வாய்மூடியிருந்த நாட்கள் நமக்கும் உண்டு. அத்தகைய நமக்கு, கண்ணும் செவியும் இழந்தும் அம்மொழியில் வினவக் கற்ற ஒருவரின் வரலாறு பயன் தருவதாகும்.

ஹெலன் கெல்லர் அம்மையார் 1880-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து டஸ்கம்பியா என்னும் ஊரிற் பிறந்தார். பத்தொன்பதாம் மாதத்தில் வந்த கடுநோய் பார்வையையும் கேள்வியையும் ஒருங்கே கவர்ந்து சென்றது. சிறுமி சில சைகைகளைத் தானே ஆக்கிக்கொண்டாள். பிடித்திழுத்தால் வா என்பதும், தள்ளினால் போ என்பதும் பொருள். ரொட்டியை அரிந்து வெண்ணெய் தடவுவதுபோற் காட்டினால் அது வேண்டுமென்பது பொருள். இவற்றால் வேண்டியதைப் பெறலாம். ஏன் என்று கேட்டல் இயலாது. உரையாடுவோர் நடுவே நின்று அவர்தம் உதடுகளைத் தொட்டறிந்து, தானும் உதடசைத்துப் பயன் காணாமல், சினத்தால் உதைத்துக் கதறுவாள்.

1887-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் அந்நாளிற் பாஸ்டனிலிருந்த பெர்க்கின்ஸ் நிலையத்தினின்றும் ஆன் சல்லிவன் என்னும் இருபது வயது நங்கை ஆசிரியையாக வந்து, உள்ளங்கையில் விரலெழுத்துக்களால் சொற்களைக் கற்பிக்கலானார். ஒன்றன் பெயரை அறிய விரும்பினால், ஹெலன் அதனைச் சுட்டி ஆசிரியையின் கையைத் தட்டுவாள். அதுவே அவளது வினா. சொல் பிறக்குமுன்னே வினா பிறந்துவிட்டது! ஏப்ரல் 5-ஆம் நாள் கிணற்றடிக் குழாய்நீர் கையிற் பாய, ஒவ்வொரு பொருளுக்கும் பெயருண்டென உணர்ந்தாள். தரையின் பெயரைக் கேட்டாள். இறுதியில் ஆசிரியையின் பெயரையும் கேட்டாள். சில மணிநேரத்தில் முப்பது சொற்கள் அவளுக்கு உரியவாயின.

பதினைந்து மாதக் குழந்தை ஒன்று, தான் பேசுமுன்னரே பிறர் வினவுவதை உணர்ந்து விடை சுட்டுவதைச் சல்லிவன் கண்டார். குழந்தையின் காதிற் பேசுவதுபோல ஹெலனின் கையிற் பேசுவதென்று துணிந்து, முழு வாக்கியங்களையே எழுதி வந்தார். விரலெழுத்துக்குக் குரலின் ஏற்றமில்லை. கேட்பவர் முகக்குறிப்பையும் ஹெலன் காணாள். ஆதலின் சொற்களும் அவற்றின் வரிசையுமே அவளுக்கு வினாவை உணர்த்தின. அவ்வாண்டு ஜூனில் அவள் எழுதிய கடிதம் பெரும்பாலும் பெயரும் வினையுமாகவே இருந்தது. ஆயினும் விரைவில் என்ன, ஏன், எப்பொழுது என்னும் வினாக்கள் நாள்முழுதும் பெருகின. நாய்க்குட்டியும் கன்றும் எங்கிருந்து வந்தன என்று வினவியபோது ஆசிரியை மழுப்பவில்லை. தாவரநூல் ஒன்றை எடுத்துக்கொண்டு, சிறுமியுடன் மரத்தின்மேல் அமர்ந்து, உயிர் தோன்றும் முறையை விளக்கினார்.

ஒருநாள் காலை அன்பு என்னும் சொல்லின் பொருளை அறிய விரும்பினாள். ஆசிரியை அவள் நெஞ்சைச் சுட்டினார். கையிலிருந்த பூக்களின் மணந்தான் அன்போ என்று, பாதி சொல்லாலும் பாதி சைகையாலும் வினவினாள். அன்று என்பதே விடை. கதிரவனின் வெம்மையோ என்று மீண்டும் வினவினாள், அதுவும் அன்று. இலக்கணம் நிரம்பாத அவ்வினாக்களே, கையால் தொடவியலாத பொருளும் உண்டென்னும் அறிவுக்கு அவளை அழைத்துச் சென்றன.

ராட்கிளிஃப் கல்லூரியில் 1904-இல் சிறப்புடன் பட்டம் பெற்ற அம்மையார், நூல்கள் பல இயற்றி, உலகெங்கும் சென்று பார்வையற்றோர்க்காக உழைத்து, 1968-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் மறைந்தார்.

வினாவின் அமைப்பை முற்றக் கற்றபின் வினவுவோம் என்று அவர் காத்திருந்தாரல்லர். வினவி வினவியே கற்றார். நண்பர்களே, கண்ணும் செவியும் நாவும் பெற்ற நாம் பிழைக்கஞ்சி வாளாவிருத்தல் தகுமோ?